கூட்டம் நின்றபோது பவளப்பாறைக்கு என்ன ஆனது?

பவளப்பாறைக் கண்காணிப்பு வேலையில் இருப்பதால் 2020-க்குப் பிறகு என்னைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கொரோனா ஊரடங்கில் சுற்றுலா நின்றதும் பவளப்பாறையெல்லாம் மறுபடி உயிர் பெற்றுவிட்டதாமே, உண்மையா?" மீன் திரும்பி வந்தது உண்மை, தண்ணீர் தெளிந்ததும் உண்மை. பவளம் பிழைத்துவிட்டது என்று மட்டும் என் வாயால் சொல்ல வராது. இந்த இரண்டும் வேறு வேறு விஷயம் என்பது புரியாமல் போவதால்தான் பல இடங்களில் தவறான முடிவு எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

எங்கள் வேலை வெளியில் தெரிகிற அளவுக்குக் கவர்ச்சியானது இல்லை. கடலடியில் அளவு நாடாவை விரித்து, அதன் கீழே குறிப்பிட்ட இடைவெளிகளில் உயிருள்ள பவளம் இருக்கிறதா, செத்ததா, பாசியா, மணலா என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்போது மனிதக் கூட்டம் விட்டுச்செல்லும் தடயங்கள் தானாகக் கண்ணில் படும். கிளைப்பவளம் புதிதாக ஒடிந்தால் ஒடிந்த இடம் சொரசொரப்பாக, பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். வளர்கிற நுனியும் வெளிறித்தான் இருக்கும், ஆனால் அது மழுங்கி உருண்டிருக்கும், அதனால் பழகிய கண்ணுக்குக் குழப்பம் வராது. நாளாக ஆக ஒடிந்த முனையில் பாசி படர்ந்து நிறம் மங்கிவிடும். அதனால் பளிச்சென்ற முனைகளை எண்ணினாலே சமீபத்தில் எத்தனை கால்கள், எத்தனை நங்கூரங்கள் பட்டிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். கணக்கெடுப்புக்கு அனுமதி கிடைத்து, பயணிகள் இன்னும் வராமல் இருந்த காலத்தில் நாங்கள் இறங்கியபோது, முன்பு எங்கு பார்த்தாலும் தெரிந்த அந்த வெள்ளை முனைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தை நிரப்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

ஒடிவதைவிட மோசமானது மணல். நீச்சல் துடுப்பு மாட்டிய கால் ஒன்று அடியில் உதைத்தால் எழும்பும் புழுதி மெதுவாகப் பக்கத்துப் பவளத்தின் மேல் இறங்கும். பவளம் சளியைச் சுரந்து அதைத் தள்ளும். கிட்டப்போய்ப் பார்த்தால் சளி நூல்நூலாகப் பிரிந்து மணல் துகளோடு மிதந்து போவது தெரியும். அந்தச் சளிக்குச் சத்து வேண்டும், சத்தில் பெரும்பகுதி பவளத்தின் உடலுக்குள் வாழும் நுண்பாசி வெயிலில் தயாரிப்பது, கலங்கிய நீரிலோ வெயில் குறைவு. வரவு குறைகிற நேரத்தில் செலவு ஏறுகிற குடும்பம் மாதிரிதான். ஒருமுறை என்றால் தாங்கும், தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் வந்தால் நோய் புகுந்துவிடும். தாய்லாந்தின் கோ தாவ் தீவில் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியானது. முக்குளிப்பவர்கள் அதிகம் வரும் இடங்களில் பவள நோய், குறைவாக வரும் இடங்களைவிட மூன்று மடங்கு இருந்தது என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

மீன்கள் திரும்புவதற்கு அவ்வளவு காலம் பிடிப்பதில்லை. ஹவாயின் மொலோகினி என்ற குட்டித் தீவருகே ஊரடங்கு சமயத்தில் பாரை மீன் போன்ற வேட்டை மீன்கள் அதிகமாக வந்தன. சுற்றுலா மறுபடி தொடங்கியதும் விலகிப் போயின. இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் புதிதாக மீன் பிறந்து பெருகியதாக இதற்கு அர்த்தம் இல்லை. பக்கத்து ஆழத்தில் ஒதுங்கியிருந்தவை சத்தம் ஓய்ந்ததும் வந்தன, படகுகள் வந்ததும் போய்விட்டன, அவ்வளவுதான்.

பவளத்தால் அப்படி எழுந்து வர முடியாது. வேகமாக வளரும் கிளைப்பவளமே நல்ல சூழலில் ஆண்டுக்கு 10 செ.மீ. அளவுதான் வளரும். குண்டாகப் பாறைபோல் வளர்கிற வகைகளுக்கு ஆண்டுக்கு 1 செ.மீ. என்பதே நல்ல கணக்கு. ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளியில் புதிதாக ஒட்டி முளைத்த குட்டிப் பவளம் விரல்நகம் அளவுக்குத் தெரியலாம். அதைப் பார்த்து மனம் குளிரலாம், தப்பில்லை. மீட்சி என்று அறிக்கையில் எழுதுவதற்கு அது போதாது.

அப்புறம் வெப்பம். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி, அப்படியே சில வாரங்கள் நீடித்தால் பவளம் உள்ளிருக்கும் பாசியை வெளியேற்றி வெளிறிவிடும். 2020 மார்ச்சில் உலகம் வீட்டுக்குள் அடைந்துகொண்டிருந்த அதே நாட்களில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்ற மாபெரும் பவளப்பாறைத் தொடர் வெளிறிக்கொண்டிருந்தது. அதன் வடக்கு, நடு, தெற்கு என மூன்று பகுதிகளும் ஒரே பருவத்தில் கடுமையாக வெளிறியது அதுவே முதல்முறை. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத பாறைகளும் அதில் தப்பவில்லை.

கூட்டம் நின்றதால் வந்த இழப்பையும் சொல்லியாக வேண்டும். பல கடல் பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்தில்தான் ரோந்துப் படகுக்கு எரிபொருள் போடுகிறார்கள். பயணி வராவிட்டால் ரோந்து குறையும். வேலை போன படகோட்டிக்கு வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அவர் வலையை எடுத்தால் நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் சுமையை அவர் தலையில் கட்டியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

அதனால் "மூடிவிடலாம்" என்று யாராவது சொன்னால், திறக்கும்போது எப்படித் திறப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018 ஜூனில் மூடினார்கள், அதற்கு முன் அங்கே ஒரு நாளைக்குச் சுமார் 5,000 பேர் வந்துகொண்டிருந்தார்கள். பவளத் துண்டுகளை நட்டார்கள், சுறாக்கள் விரிகுடாவுக்குள் வந்தன. 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் தீவின் பின்பக்கம்தான் நிற்க வேண்டும், வருபவர்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, உள்ளே நீந்தக் கூடாது என்று விதி போட்டார்கள். ஆண்டுதோறும் இரண்டு மாதம் மூடவும் செய்கிறார்கள். ஹவாயின் ஹனவுமா விரிகுடாவில் பெருந்தொற்றுக்கு முன் தினமும் 3,000 பேர் அளவுக்கு வந்தார்கள். 2020 டிசம்பரில் திறந்தபோது 720 பேருக்குத்தான் அனுமதி. பிறகு அந்த எண்ணிக்கையைக் கூட்டினார்கள், ஆனாலும் பழைய அளவுக்கு விடவில்லை. இந்த இரண்டு இடங்களையும் நான் மதிப்பதற்குக் காரணம் மூடியது இல்லை, திறந்த விதம்.

இன்னொரு விஷயம், இது எங்கள் தொழிலின் கவலை. ஓர் இடத்தை மூடப்போகிறார்கள் என்றால் மூடுவதற்கு முன்னால் ஒரு முழுக் கணக்கெடுப்பு நடக்க வேண்டும், மூடியிருக்கும்போதும் நடக்க வேண்டும், பக்கத்தில் எப்போதுமே கூட்டம் வராத ஒரு திட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றம் கூட்டத்தால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. 2020-இல் பல இடங்களில் அந்தக் கணக்கு விட்டுப்போனது, ஏனென்றால் பயணிகளோடு சேர்த்து அளக்க வேண்டியவர்களும் கரையிலேயே நின்றுவிட்டோம்.