‘போலே’ என்னும் சொல்

மலேசியாவின் பினாங்கில் என் ஆய்வு மேற்பார்வையாளரிடமிருந்து நான் அதிகம் கேட்ட மலாய்ச் சொல் ‘போலே’ என்பது. முடியும், ஆகட்டும், செய்யலாம் என்று இடத்துக்கேற்பப் பொருள் தரும் அச்சொல், நம் காதுக்கு உவமை உருபாகவே விழுகிறது. அந்த ஒலியொப்புமை தற்செயலானதுதான் என்றாலும், அவர் ‘போலே’ என்றபோதெல்லாம் கிடைத்தது சம்மதம் அன்று, சம்மதம் போலே ஒன்று என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

திருநெல்வேலியில் முதுகலை படித்தபோது, ‘கைடு’ அறைக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றிய ஆய்வு மாணவர்களையும், அவர் வீட்டு மின்கட்டணத்துக்காக வரிசையில் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கைடு சொன்னால் செய்வது, சொல்லாவிட்டால் காத்திருப்பது என்பதே நான் கற்றிருந்த இலக்கணம். அந்த இலக்கணத்தோடுதான் 2018 செப்டம்பரில் பினாங்கில் இறங்கினேன்.

முதல் தவறு மின்னஞ்சலிலேயே நேர்ந்தது. ஆங்கில ஆய்விதழ்களின் வழக்கப்படி அவருடைய பெயரின் கடைசிப் பகுதியைக் குடும்பப்பெயராகக் கொண்டு, அதன் முன் ‘டாக்டர்’ சேர்த்து எழுதிவிட்டேன். நேரில் கண்டபோது, “நீங்கள் என் தந்தையை அல்லவா அழைத்திருக்கிறீர்கள்” என்று சிரித்தார். மலாய்ப் பெயர்களில் ‘பின்’, ‘பிந்தி’ என்பவற்றுக்குப் பின் வருவது தந்தையின் பெயர். அழைப்பதற்கு உரியது முதற்பெயரே. தலைப்பெழுத்தாகத் தந்தையின் பெயரைச் சுமந்து, கடவுச்சீட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்தின் முன் திகைத்து நின்ற எனக்கே இது தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

செம்பனை என்னும் எண்ணெய்ப்பனையின் கொட்டை ஓட்டினை நைட்ரஜன் சூழலில் கரியாக்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கொண்டு அக்கரியின் நுண்துளைகளைப் பெருக்கி, நீரில் கலந்த சாயத்தை அதன்மூலம் அகற்றுவதே என் ஆய்வு. மெத்திலீன் நீலத்தில் தொடங்கி ஆறு சாயங்களில் சோதிக்கப்போவதாக அக்டோபரில் சொன்னேன். “போலே. ஆனால் உண்மையான கழிவுநீரையும் ஒருமுறை பார்க்கலாமே” என்றார். முதற்சொல்லை உத்தரவாகவும் அடுத்ததை உபசாரமாகவும் எடுத்துக்கொண்டு எட்டு மாதங்கள் உலைக்கும் நிறமாலைமானிக்கும் இடையே நடந்தேன். அவர் ஒருமுறையும் தடுக்கவில்லை. நானும் ஒருமுறையும் கேட்கவில்லை. முன்னேற்ற அறிக்கை அவையில் மதிப்பீட்டாளர் ஒருவர், பத்திக் துணிக்குச் சாயமிடும் பட்டறையின் கழிவுநீரை ஏன் தொடவில்லை என்று வினவியபோது, மேற்பார்வையாளர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபமில்லை, வியப்புத்தான் இருந்தது. அன்றிரவு குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் சொன்ன வரி என் கையெழுத்திலேயே, அடிக்கோடில்லாமல் கிடந்தது.

ஆய்வகப் பொறுப்பாளரான அக்கா பட்டர்வொர்த்திலிருந்து நாள்தோறும் பாலம் கடந்து வருபவர். நான் சோர்ந்திருந்ததைக் கண்டு, முதலில் “பசியாறிட்டியா தம்பி?” என்று கேட்டார். காலை உணவை அங்குள்ள தமிழர் பசியாறுதல் என்பார்கள். இட்லியோ ரொட்டி சானாயோ, எதைத் தின்றாலும் அந்தச் சொல்லில் ஒரு கனிவு கூடிவிடுகிறது. பிறகு சொன்னார்: “டாக்டர் ‘போலே, பட்’னு சொன்னா, பட்டுக்குப் பின்னால உள்ளதத்தான் செய்யணும். மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல மாட்டாங்க. நம்ம வீட்டுப் பெரியவங்க ‘பாப்போம்’னு சொல்றதில்லையா?”

அதன்பின் ஒவ்வொரு சந்திப்பு முடிந்த இரவிலும், நான் புரிந்துகொண்டவை இவை, எந்தத் தேதிக்குள் எதைச் செய்வேன் என்று மேற்பார்வையாளருக்கு எழுதி அனுப்பத் தொடங்கினேன். முதல் கடிதத்தில் நான்கு குறிப்புகள் இருந்தன. இரண்டைத் திருத்தி அனுப்பினார். நேரில் இதமாகப் பேசுபவர் எழுத்தில் கறாராக இருந்தார். எனக்கும் நேரில் எழாத கேள்விகள் எழுத்தில் எழுந்தன. எங்கள் உறவு பாதி அந்தக் கடிதங்களில்தான் வளர்ந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

மற்றவை தாமாகப் பழகின. வெள்ளிக்கிழமை 12.15 முதல் 2.45 வரை தொழுகைக்காக அலுவலகங்கள் ஓய்ந்திருக்கும் என்பதை, மாணவர் விசாவைப் புதுப்பிக்கும் படிவத்தோடு பூட்டிய கதவின் முன் நின்றுதான் அறிந்தேன். ரிங்கிட்டை ‘வெள்ளி’ என்று சொல்லவும் ஒரு மாதத்தில் நாக்குப் பழகிவிட்டது.

2020 பிப்ரவரியில் தைப்பூசத்தின்போது பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சென்றேன். வெள்ளி இரதம் வரும் வழியெங்கும் சிதறுதேங்காய் மலைபோல் குவியும் ஊர் அது. சிரட்டையும் நல்ல கரி தருவது என்பதால், அந்தக் காட்சியைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். “மூலப்பொருள் தெருவில் கிடக்கிறதே, இரண்டு பை எடுத்து வாருங்கள்” என்று பதில் வந்தது. எடுத்து வந்து, பிறகு உலர்த்தலாம் என்று ஆய்வகத்தின் மூலையில் கட்டியபடியே வைத்துவிட்டேன். மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, ஆய்வகமும் மூடப்பட்டது.

மீண்டும் திறந்தபோது பை முழுவதும் பூஞ்சை. முன்பானால் ஏதேனும் சமாளித்திருப்பேன். அன்று, உலர்த்தாதது என் தவறு, கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாமா என்று நேராகவே எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “தா போலே.” கூடாது என்று பொருள். இரண்டு ஆண்டுகளில் அவர் எனக்கு அச்சொல்லைச் சொன்னது அதுவே முதல்முறை. அக்காவிடம் காட்டினேன். “பரவால்லையே தம்பி” என்றார்.