கண்மாய்க் கரையில் பள்ளிச் சைக்கிள் பாதை: இதுவரை ஆன வேலை

மேலூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியின் 6 முதல் 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பாதை இது. ஒரு சுற்று 1.4 கி.மீ. பாதி கண்மாய்க் கரை, மீதி கரைக்குக் கீழே செம்மண் மேடு. பாறையும் சரிவும் வேண்டுமென்று அரிட்டாபட்டிக்கோ கீழக்குயில்குடிக்கோ மண்வெட்டியோடு போகக் கூடாது. முன்னது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்; பின்னதில் சமணர் சிற்பங்கள் இருக்கின்றன. கண்மாய்க் கரைக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 எக்டேருக்குள் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை.

பாதை வெட்டுவது சின்ன வேலை. ஆளைக் கொல்வது சீமைக்கருவேலம். மேட்டுப் பகுதியில் வேரோடு தோண்டிவிட வேண்டும். கட்டை விட்டு வெட்டினால் அடுத்த மழைக்குத் தழைக்கும், விழும் பிள்ளையின் முட்டியிலும் குத்தும். கரையில் மட்டும் வேரைத் தொடக் கூடாது, கரை இளகும். தரையோடு தரையாக அறுத்துவிட்டு, தழைக்கத் தழைக்கத் திரும்ப அறுப்பதுதான் வழி. வெட்டிய கிளையைப் பாதையில் இழுத்துப் போகாமல் தூக்கிக்கொண்டு போங்கள். இழுத்த இடமெல்லாம் காய்ந்த முள் உதிர்ந்து கிடக்கும்.

அப்படியும் பஞ்சர் ஆகும். டியூபை ஒட்டி மாட்டியதும் மறுபடி காற்று இறங்கினால், ஒடிந்த முள் நுனி டயருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். வெளியே பார்த்தால் தெரியாது. பழைய பனியன் துணியை டயரின் உட்புறம் ஒரு சுற்றுத் தேய்த்தால் நூல் மாட்டும் இடத்தில் முள். அதை உள்ளிருந்தே குறடால் இழுக்க வேண்டும். தடுப்புக்குப் பழைய டியூபை நீளவாக்கில் கீறி டயருக்குள் பட்டையாக வைக்கிறோம். பட்டையின் இரு முனையையும் சீவி மெலிதாக்காவிட்டால், அந்த விளிம்பே நாளடைவில் நல்ல டியூபை அரித்துவிடும்.

அடுத்தது தண்ணீர். ஏற்றம் நூறு அடிக்குப் பத்தடியைத் தாண்டக் கூடாது. மேட்டின் பக்கச் சரிவில் பாதியையும் தாண்டக் கூடாது. தாண்டினால் ஐப்பசி மழை பாதையையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். அளப்பதற்குக் கொத்தனாரின் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) போதும். ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு வெளி விளிம்பு 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இறக்கத்தில் 10, 15 மீட்டருக்கு ஒரு சின்ன எதிர்மேடு வைத்தால் தண்ணீர் அங்கே பக்கவாட்டில் வெளியேறிவிடும்.

குதித்துப் பழக மூன்று மண் திண்டுகள்: உயரம் 25 செ.மீ., உச்சிக்கு உச்சி 2.5 மீட்டர். கண்மாய்க் கரம்பை (அடியில் படிந்த களிமண்) சும்மா கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். நனைந்தால் வழுக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண் கிராவலை 10 செ.மீ. அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஈரம் உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

சைக்கிள்தான் பெரிய தலைவலி. ப்ளஸ் ஒன்னில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வந்த அரசு சைக்கிளில்தான் பாதிப் பேர் வருகிறார்கள். குரங்கு பெடல் தெருவுக்குச் சரி, திண்டில் ஆகாது. சீட்டில் உட்கார்ந்து இரு முன்பாதமும் தரையில் படாத பிள்ளைக்கு 20 அல்லது 24 இஞ்ச் பொதுச் சைக்கிள் கொடுத்துவிடுகிறோம். ஸ்டாண்ட் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் திண்டில் கீழே இறங்கித் தரையில் மாட்டும். டியூப் பட்டையால் கட்டுங்கள். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காது, ஈரத்தில் அந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கடையில் கல்லு மாதிரி காற்றடித்து அனுப்புவார்கள். 1.95 இஞ்ச் அகல டயருக்கு, 35 கிலோ பிள்ளைக்கு 25 பிஎஸ்ஐ போதும். ஒல்லி டயரில் அவ்வளவு குறைத்தால் ரிம் டியூபைக் கடித்து இரட்டைக் கீறல் விழும்.

பயிற்சியில் முதல் பாடம் பொங்கல் விளையாட்டின் ஸ்லோ சைக்கிள்தான். இதைவிட நல்ல பேலன்ஸ் பயிற்சி கிடையாது. பிறகு 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு கயிறுக்கு நடுவே ஓட்டம், அது பழகியதும் 30 செ.மீ. பிரேக்குக்கு இரு கையும், உடம்பு பின்னுக்கு. எட்டுப் பேருக்கு முன்னால் ஒரு ஆசிரியர், பின்னால் ஒருவர். மடையிலும் கலுங்கிலும் (மிகுதி நீர் வழியும் கல் கட்டு) இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும். பாசி பிடித்த கலுங்குக் கல்லில் எந்த டயரும் நிற்காது. கண்மாய் நிறைந்திருக்கும்போது கரைப் பாதி மூடல், மேட்டுச் சுற்று மட்டும். மழை விட்டு மண்ணில் டயர் தடம் பதியாத அளவு காயும் வரை அதுவும் இல்லை.

பள்ளியில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள்: 15 எண் ஸ்பேனர் இரண்டு, 5 எண் ஆலன் கீ, டயர் லிவர் மூன்று, உப்புத்தாள், சொல்யூஷன், பேட்ச், குறடு, பிரேக் கேபிள், பம்பு. வால் டியூப் ரப்பர் (காற்றடிக்கும் வால்வில் மாட்டும் மெல்லிய குழாய்) ஒரு முழம் தனியாக. சித்திரை வெயிலில் அது இளகி ஒட்டிக்கொள்ளும், முள்ளே குத்தாமல் காற்று இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.