அம்பாசிடர் டைனமோ: மூணாவது ஞாயிறு

அப்பிச்சி ஓட்டிய 1964 அம்பாசிடர் மார்க் 2. எஞ்சின் சுற்றும்போது பேட்டரியை சார்ஜ் செய்கிற அதன் டைனமோவோடுதான் மூணு ஞாயிறாக மல்லுக்கட்டல். பொள்ளாச்சியில் கிணத்து மோட்டாருக்குக் காயில் கட்டுகிற அண்ணன்தான் டைனமோவுக்குள் சுற்றும் காயிலான ஆர்மேச்சரைப் புதுசாகக் கட்டிக் கொடுத்தார். "மோட்டாரோ டைனமோவோ, செம்புக் கம்பிதானுங்களே தம்பி" என்றார். ஆர்மேச்சர் முனையில் இருக்கும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டரை லேத்தில் ஓட்டி, பட்டைகளுக்கு நடுவே இருக்கும் மைக்காவை அறுத்து, அதில் உரசும் கார்பனும் மாற்றியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவசரம் என்னுடையது. பெல்ட் மாட்டும் முன்னே டைனமோவின் இரண்டு முனைகளான டி (கரண்ட் வெளிவருவது), எஃப் (காந்தக் காயிலுக்குப் போவது) இரண்டையும் சேர்த்து பேட்டரி கொடுத்துப் பார்த்தேன். மோட்டார் மாதிரி மெதுவாகச் சுற்றியது. சந்தோஷத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். இந்த வண்டிக்கு எர்த் பாசிட்டிவ், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். நான் பழக்கதோஷத்தில் டைனமோ பாடிக்கு நெகட்டிவ் கொடுத்திருந்தேன்.

வண்டியில் மாட்டி ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டு சிவப்பு விளக்கு அணையவில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க இன்னும் பளிச்சென்று எரிந்தது. மீட்டரின் கறுப்பு முனையை பாடியிலும் சிவப்பை டி-யிலும் வைத்தேன். மைனஸ் காட்ட வேண்டிய இடத்தில் பிளஸ். டைனமோவுக்குள் காயில் சுற்றிய இரும்பில் (போல் ஷூ) தங்கும் மிச்சக் காந்தத்தை நானே திருப்பிவிட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு அதைச் சரிசெய்தேன். எஃப் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை எடுத்து டைனமோவின் எஃப் முனையில் மூன்று நான்கு தடவை தொட்டேன். சின்னப் பொறி, அவ்வளவுதான். இப்போது விளக்கு மங்கி அணைந்தது. ஆனால் இன்னும் கொஞ்சம் முறுக்கினால் மறுபடி எரிந்தது! பேட்டரி சார்ஜ் ஏறாமல் 12.3-லேயே கிடந்தது, டி-யில் மட்டும் 20 வோல்ட்டைத் தாண்டியது. சட்டென்று எஞ்சினை நிறுத்தினேன்.

வாரம் முழுக்க இதையே யோசித்தேன். அந்த விளக்கு பேட்டரிக்கும் டைனமோவுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் வோல்ட் சமமானால் அணையும், டைனமோ பக்கம் எகிறினால் திரும்ப எரியும். அப்படியானால் டைனமோ நன்றாகவே இருக்கிறது. டைனமோவை பேட்டரியோடு இணைக்கும் காந்த சுவிட்சான கட்-அவுட் ஒட்டவில்லை, வோல்ட்டை அளவாக வைக்கும் ரெகுலேட்டரும் கட்டுப்படுத்தவில்லை. இந்த ரெண்டின் காயிலுக்கும் பொது எர்த் ஒன்றுதான், சந்தேகம் அதன் மேல் போனது.

இன்று ரெகுலேட்டரின் ஈ (எர்த்) ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பாடியில் அது முடுக்கியிருந்த ஸ்க்ரூவுக்கு அடியில், பெயின்ட் அடித்தபோது பூசிய கோட்டிங் அப்படியே இருந்தது. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, முடுக்கினேன். ஸ்டார்ட் செய்தால் பேட்டரியில் 14.1 வோல்ட், சார்ஜ் ஏறுகிறது.

ஒரு வேடிக்கை: அந்த எர்த் மட்டும் முதல் நாளே ஒழுங்காக இருந்திருந்தால், காந்தம் தலைகீழாக இருந்த நேரத்தில் கட்-அவுட் ஒட்டி, தலைகீழ் டைனமோ பேட்டரியோடு சேர்ந்து, கட்-அவுட்டின் தொடுமுனையான பாயின்ட் தீய்ந்து போயிருக்கும்.

சாயங்காலம் மாமாவை ஏற்றிக்கொண்டு ஆழியாறு வரை, ஹெட்லைட் போட்டே ஓட்டினேன். தேங்காய் லாரிக்குப் பின்னால் நின்றபோது சிவப்பு லேசாக எரிந்தது. "மாப்ளே, மறுக்கா போச்சா?" என்றார். ஐடிலிங்கில் டைனமோ அப்படித்தான், மெதுவாகச் சுற்றினாலும் சார்ஜ் தர ஆல்டர்னேட்டர் இல்லையே. ஆக்சிலரேட்டரைத் தொட்டேன், அணைந்தது.