பார்ட்டிக்கு அவருடைய லாட் மட்டும் தெரிந்தால் போதும்

திருப்பூரில் ஜாப் ஒர்க்காக, அதாவது பிறர் கொடுக்கும் துணிக்குக் கூலிக்குச் சாயமேற்றும் ஒரு பட்டறையின் கணக்கையும் கணினியையும் நான் கவனித்துக்கொள்கிறேன். துணி கொடுக்கும் பார்ட்டிகள், அதாவது வாடிக்கையாளர்கள், எங்களுக்கு 42 பேர். சாயமேறாத கிரே துணி வந்து இறங்கியதும் லாட் (ஒரே தொகுப்பாகச் சாயமேற்றும் துணி) எண், பார்ட்டியின் டி.சி. (டெலிவரி சலான்) எண், ஷேடு (நிறம்), ரோல் எண்ணிக்கை, எடை ஆகியவற்றைப் பதிந்துகொள்வோம். சாயமேறி, துணியின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங் முடிந்து துணி திரும்பிப் போகும்போது போன எடையையும், வேலையில் குறைந்த எடையான பிராசஸ் லாஸையும் அதே வரியில் சேர்ப்போம். காலை பத்து மணிக்கு “ஏனுங்க, நம்ம நேவி லாட் எந்த ஸ்டேஜுல இருக்குதுங்க?” என்று தொடங்கும் தொலைபேசி மாலை வரை ஓயாது. அக்டோபரிலும் ஏப்ரலிலும் இதோடு பார்ட்டிகளின் கணக்குப் பிரிவும் சேர்ந்துகொள்ளும். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதப்படும் என்பதால், எந்தச் சலானில் போனது எதில் திரும்பியது என்பதை அவர்கள் ஐ.டி.சி.-04 படிவத்தில் காட்டியாக வேண்டும். அதற்கான விவரம் முழுவதும் எங்கள் பதிவேட்டில்தான் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பார்ட்டியும் தன் வரிகளைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு போர்ட்டல் (உள்நுழைந்து பார்க்கும் இணையப் பக்கம்) தேடினேன். பதிவேடு அப்போது கூகுள் ஷீட்டில் இருந்தது. பார்ட்டிக்கு ஒரு கோப்பு வைத்து, இம்போர்ட்ரேஞ்ச் சூத்திரத்தால் அவரவர் வரிகளைக் கொண்டுவருவதே செலவில்லாத வழி என்று முதலில் தோன்றியது. ஆனால் இரண்டு கோப்புகளுக்கு இடையே ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், பார்ட்டியின் கோப்பில் திருத்தும் உரிமை உள்ள எவரும் சூத்திரத்தை மாற்றி எழுதி, மூலக் கோப்பின் எந்தப் பகுதியையும் இழுத்துக்கொள்ளலாம். ஷேடு ஒப்புதலைப் பார்ட்டிகளே குறிக்க வேண்டியிருந்ததால் திருத்தும் உரிமை கொடுக்காமலும் இருக்க முடியாது. தாளை மறைத்து வைப்பதும் பாதுகாப்பாகாது. கோப்பை நகலெடுத்தால் மறைத்த தாளும் கூடவே வந்துவிடும். இவையெல்லாம் ஒருபுறமிருக்க, புதிதாக ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டுமென்றால் 42 கோப்புகளைத் திறக்க வேண்டும்.

அடுத்து, கட்டணம் வாங்கும் சேவைகளின் விலைப்பட்டியல்களைப் புரட்டினேன். இங்கே பார்க்க வேண்டியது மாதக் கட்டணத்தை அல்ல, அவர்கள் எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்பதை. அட்டவணையிலிருந்து செயலி உருவாக்கித் தரும் ஆப்ஷீட்டின் மிகக் குறைந்த திட்டம் ஆளுக்கு மாதம் 5 டாலர். கேட்பதற்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். ஆனால் எங்கள் பார்ட்டி ஒவ்வொருவரிடமும் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், ஸ்டோர், கணக்குப் பிரிவு என்று மூன்று பேராவது பார்ப்பார்கள். 42-ஐ மூன்றால் பெருக்கினால் 126 பேர். மாதம் 630 டாலர், அதாவது 50,000 ரூபாய்க்கு மேல். மாதத்தில் ஒருநாள் எட்டிப் பார்க்கும் கணக்கருக்கும் தினமும் பார்க்கும் மெர்ச்சண்டைசருக்கும் ஒரே கட்டணம். ஊழியர்களுக்காக வகுத்த விலையை வாடிக்கையாளருக்குப் பொருத்தினால் இப்படித்தான் கணக்கு வீங்கும். சோஹோ கிரியேட்டர் போன்றவை போர்ட்டலுக்கு வரும் வெளியாட்களை ஊழியர் கணக்கிலிருந்து பிரித்து எண்ணுகின்றன. ரூபாயிலேயே பில்லும் கிடைக்கிறது. தரவுத்தள மொழியான எஸ்.க்யூ.எல். எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் இல்லையென்றால் நான் அந்தப் பக்கமே கைகாட்டுவேன்.

எத்தனை பேர் வந்தாலும் ஒரே விலை என்ற ஒரு சேவையையும் இரண்டு வாரம் சோதித்தேன், பெயர் வேண்டாம். திரை அழகாக இருந்தது. சோதனைப் பார்ட்டியாக உள்நுழைந்தபோது அவருடைய நான்கு லாட்டுகள் மட்டும் தெரிந்தன. பழக்கதோஷத்தில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியில் சர்வரிலிருந்து வந்த தரவைத் திறந்து பார்த்தேன். எல்லாப் பார்ட்டிகளின் லாட்டுகளும், ஒவ்வொருவருக்கும் நாங்கள் போடும் கிலோ ரேட்டும் அதில் வரிசையாக இருந்தன. வடிகட்டும் வேலை உலாவியில் நடந்திருக்கிறது. சர்வர் மொத்தத்தையும் அனுப்பிவிட்டிருக்கிறது. எங்கள் தொழிலில் ஒரு பார்ட்டியின் ரேட் இன்னொரு பார்ட்டிக்குத் தெரிவதைவிடப் பெரிய சேதம் வேறில்லை. அமைப்புகளில் எங்கோ ஒரு மூலையில் அதைச் சரிசெய்யும் பொத்தான் இருந்திருக்கலாம், ஆனால் அன்றோடு எனக்கு ஆசை விட்டுப்போயிற்று.

கடைசியில் பதிவேட்டை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றி, அதை இணையத்தில் நடத்தித் தரும் சுபாபேஸ் சேவையில் வைத்தேன். யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்ற விதியை அட்டவணையின் மேலேயே எழுதிவைக்கும் வசதி போஸ்ட்கிரெஸில் 2016-இல் வெளிவந்த 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. உள்நுழைந்தவரின் மின்னஞ்சல் எந்தப் பார்ட்டியோடு இணைந்திருக்கிறதோ, அந்தப் பார்ட்டியின் வரிகளை மட்டுமே தரவுத்தளம் வெளியே விடும். திரையை யார் எப்படிக் குடைந்தாலும் மற்ற வரிகள் உலாவிக்கு வந்து சேராது. சுபாபேஸில் இந்த விதி கட்டாயத் தேவையும்கூட, ஏனென்றால் தரவுத்தளத்தை அணுகும் அதன் பொதுச் சாவி இணையப் பக்கத்திலேயே எவரும் காணும்படி இருக்கும். விதியை இயக்காத அட்டவணை திறந்த வீடுதான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நானே ஒரு தவறு செய்தேன். லாட்வாரியாக மீதி எடையைக் காட்ட ஒரு வியூ (அட்டவணையிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக் காட்டும் தோற்றம்) உருவாக்கி, சோதனைப் பார்ட்டியாக நுழைந்து பார்த்தால் 42 பார்ட்டிகளின் லாட்டுகளும் வந்து நின்றன. வியூ என்பது, வேறு விதமாகச் சொல்லாதவரை, அதை உருவாக்கியவரின் உரிமையோடு இயங்குவது. அட்டவணையில் பார்ட்டிகளுக்காக எழுதிய விதி அங்கே செல்லுபடியாகாது. 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15ஆம் பதிப்பு முதல், பார்ப்பவரின் உரிமையோடு இயங்கும்படி செக்யூரிட்டி இன்வோக்கர் என்று வியூவில் ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். அதைச் சேர்த்தேன். அதற்கு முன் எந்தப் பார்ட்டிக்கும் உள்நுழைவு கொடுத்திருக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். ரேட் பத்தியைப் பார்ட்டிகள் தொடும் அட்டவணையிலிருந்தே எடுத்து வேறோர் அட்டவணைக்கு மாற்றியதும் அன்றுதான்.

செலவு: சுபாபேஸின் இலவசத் திட்டத்தின் 500 எம்.பி. இடம் எங்கள் பதிவேட்டுக்குப் பல ஆண்டுகளுக்குத் தாராளம். ஆனால் ஒரு வாரம் யாரும் தொடாவிட்டால் அந்தத் திட்டத்தில் தரவுத்தளம் நிறுத்திவைக்கப்படும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பிப் பட்டறை ஓடத் தொடங்கப் பத்து நாள் ஆகும் ஊர் இது. தானாக நடக்கும் காப்புநகலும் அதில் கிடையாது. எனவே மாதம் 25 டாலர் திட்டத்தை எடுத்தோம். அட்டையில் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. வெளிநாட்டுச் சேவை என்பதால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை ரிவர்ஸ் சார்ஜில் நாமே கட்டி, பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்தி ஓ.டி.பி. வேண்டுமென்றால் வணிகக் குறுஞ்செய்திக்குக் கட்டாயமான டி.எல்.டி. பதிவு, டெம்பிளேட் ஒப்புதல் என்று அலைய நேரும் என்பதால் மின்னஞ்சலில் வரும் உள்நுழைவு இணைப்போடு நிறுத்திக்கொண்டேன்.

மெர்ச்சண்டைசர்கள் அடிக்கடி கம்பெனி மாறுகிறார்கள், பாதிப் பேர் சொந்த ஜிமெயிலைத்தான் தருகிறார்கள். அதனால் ஒவ்வொரு உள்நுழைவும் 90 நாளில் தானாகக் காலாவதியாகும்; நீட்டிக்க வேண்டுமென்றால் பார்ட்டியின் முதலாளி எங்களிடம் சொல்ல வேண்டும். முதல் முறை காலாவதியான வாரத்தில் எனக்கு வந்த வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. இருந்தாலும் அந்த 90 நாளை நான் கூட்டவில்லை.