மஞ்சள் ஸ்டிக்கர்

ஜூன் 3, சுங்கை சிப்புட், மலேசியா

கர்ப்பத்தில் சீனித் தண்ணீர் குடித்துச் செய்த ரத்தச் சீனிச் சோதனையின் முடிவு வந்துவிட்டது. லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், வெறும் வயிற்றில் 5.6, இரண்டு மணி நேரம் கழித்து 8.9. முதலாவது 5.1-க்கும் அடுத்தது 7.8-க்கும் கீழே இருக்க வேண்டுமாம். ஏற்கெனவே ரத்த அழுத்தம், இப்போது இனிப்புநீரும். கர்ப்பகாலப் பதிவுகள் எழுதும் பிங்க் புத்தகத்தில், கூடுதல் கவனிப்பு தேவை என்று காட்டும் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார் மிஸ்ஸி (கிளினிக் நர்ஸ்).

ஜூன் 9

மாத்திரை நேரங்களை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டியாயிற்று. எழுந்ததும் இரும்புச்சத்து மாத்திரை, எலுமிச்சைத் தண்ணீரோடு. தேத்தண்ணி ஒரு மணி நேரம் கழித்துத்தான். அது இரும்பை உடம்பில் சேர விடாது. கால்சியமும் அப்படித்தான், அதனால் அது மதியச் சோற்றோடு. ரத்த அழுத்தத்துக்கு மெத்தில்டோப்பா மூன்று வேளை, ராத்திரி ஆஸ்பிரின்.

"இத்தனையும் பிள்ளைக்கு ஆகுமா?" என்று அத்தைக்குக் கவலை. கிளினிக்குக் கூட்டிப்போனேன். அழுத்தம் ஏறினால் பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையலாம் என்று மிஸ்ஸி பொறுமையாகச் சொன்னார். இப்போது அத்தைதான் எனக்கு அலாரம்.

ஜூன் 18

இன்று நாள் முழுக்க கிளினிக்கில் ரத்தச் சீனி பார்த்தார்கள். பக்கத்தில் எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு தங்கை. நேற்று மதியத்திலிருந்து வெறும் தண்ணீரும் பிஸ்கட்டும்தானாம், நம்பர் நன்றாக வர வேண்டுமென்று. எனக்கு மனசு பதறிவிட்டது. டாக்டர் அந்த நம்பரைப் பார்த்துத்தானே மருந்தை முடிவு செய்வார்? இங்கே குறைவாகக் காட்டிவிட்டு வீட்டில் ஏறினால், பிள்ளை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம், பிறந்ததும் அதற்குச் சீனி சட்டென்று இறங்கலாம். பட்டினி கிடந்தால், உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் கீட்டோன் வேறு ரத்தத்தில் சேரும். தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள்.

நான் சாப்பிடுவதை அவளிடம் சொன்னேன். காலையில் இரண்டு தோசை, சாம்பார், அவித்த முட்டை. மதியம் மிஸ்ஸி சொல்லித் தந்த "சூக்கு-சூக்கு-செபாரோ" (மலாயில் கால்-கால்-பாதி): தட்டில் பாதி கங்கோங்கோ கீரையோ, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன். நடுவில் பசித்தால் அரைக் கொய்யா. டின்பால் போட்ட மைலோவை விட்டதுதான் கஷ்டம்.

ஜூலை 2

சாப்பாடு சரியாக இருந்தும் காலைச் சீனி 5.3-க்கு இறங்கவில்லை. ராத்திரியில் ஈரலே சீனியை விடுகிறதாம், நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் இன்சுலினை ஒழுங்காக வேலை செய்ய விடுவதில்லையாம். படுக்கும் முன் இன்சுலின் ஊசி ஆரம்பித்தாயிற்று. அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை என்று கேட்டபோதுதான் மூச்சு வந்தது.

ஜூலை 14

வளைகாப்பு. கேசரி, சர்க்கரைப் பொங்கல், ஐந்து வகைச் சோறு. எல்லாரும் ஊட்ட வந்தார்கள். "ஒரு வாய் போதும், மருமகளுக்கு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று அத்தை பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், 7.4. சந்தோஷத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஈப்போவில் ஸ்கேன். பிள்ளையின் எடை தெரிந்ததும் எழுதுகிறேன்.