குறைமாதக் குழந்தையை வருட வேண்டாம், அணைத்துப் பிடியுங்கள்

குறைமாதக் குழந்தையைக் கண்டதும் விரல்நுனியால் மெல்ல வருடத்தான் எந்தத் தாய்க்கும் கை போகும். ஆனால் 32 வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைக்கு அந்த வருடல் பெரும்பாலும் இதமாக இருப்பதில்லை. தோல் மெலிசு, நரம்பு மண்டலமும் முதிரவில்லை. லேசான உரசல்கூட அதைக் களைப்படையச் செய்யும். அதற்கு வேண்டியது அசையாத, கதகதப்பான, சற்றே அழுத்தமான கை.

மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றி, முழங்கை வரை சோப்பால் கழுவி, கையை நன்கு துடைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். முதலில் மெல்லிய குரல், பிறகே தொடுதல். ஒரு உள்ளங்கை தலையைத் தொப்பிபோல் மூடட்டும். மறு கை பாதங்களையும் பிட்டத்தையும் சேர்த்து, முழங்கால் மடங்கியபடி அணைக்கட்டும். அப்படியே இருங்கள். எடுக்கும்போது ஒவ்வொரு கையாக, மெதுவாக. குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கும் நேரத்தில் இப்படிப் பிடித்திருந்தால் குழந்தைக்கு வலியின் தவிப்பு குறையும்.

விரல்களை விரிப்பது, முதுகை வளைப்பது, விக்கல், தும்மல், பார்வையைத் திருப்புவது எல்லாம் 'போதும்' என்பதன் அடையாளங்கள். கொட்டாவியும் அப்படித்தான், தூக்கம் வருகிறது என்று பலரும் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். பேச்சையும் அசைவையும் நிறுத்துங்கள், கை இருக்கட்டும். நிறம் மாறினாலோ மூச்சு நின்றாலோ உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.

மருத்துவர் சரி என்றதும், கங்காரு பராமரிப்பு: குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் தோலோடு தோல் சேர்த்து அணைத்து வைப்பது. இன்குபேட்டர் பற்றாக்குறையாலும் தொற்றாலும் திணறிய கொலம்பியாவின் பொகோட்டாவில், 1978இல் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கிவைத்த முறை இது. டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்ட குழந்தையைத் தாயின் மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வையுங்கள். தவளைபோல் கால்கள் மடங்கி விரிந்திருக்கட்டும். தலை ஒருபக்கம் திரும்பி, முகவாய் லேசாக உயர்ந்திருக்க வேண்டும். அதிகம் நடக்கும் தவறு இங்கேதான்: கழுத்து முன்னால் சரிந்தால் மூச்சுக்குழல் மடங்கிவிடும், பின்னால் அதிகம் சாய்ந்தாலும் ஆபத்து. இருவரையும் சேர்த்துச் சுற்றிக்கட்டும் துணியின் மேல்விளிம்பு குழந்தையின் காதுக்குக் கீழே நிற்கட்டும். மார்புப் பகுதியில் இறுக்கம், வயிற்றுப் பகுதியில் மூச்சுவிட இடம். தாய் சாய்ந்து உட்காரலாம்.

இடம் மாற்றுவதே குழந்தைக்குச் சிரமம் என்பதால் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். குழந்தையின் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது.

பாசம் பார்த்த கணத்தில் பொங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒயர்களுக்கு நடுவே குழந்தையைப் பார்க்கும் தாய்க்கு முதலில் வருவது பயம். தோலோடு தோல் சேரும்போது இருவருக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பதற்றம் தணிகிறது, பாலும் இறங்குகிறது. அதைவிட முக்கியம், எந்தச் சிணுங்கல் பசிக்கு, எது அலுப்புக்கு என்று தாய் கற்றுக்கொள்வது. அப்பாவின் மார்பும் இதற்கு உதவும்.

எடை ஏறிய குழந்தை ஒருநாள் துணிக்குள் நெளியும், கைகாலை வெளியே தள்ளும், வியர்க்கும். பெரும்பாலும் 2.5 கிலோவை நெருங்கும்போது. அப்போது நிறுத்திக்கொள்ளலாம்.