கதிரும் வட்டும்

இன்று நூல் நூற்கும் கைக்கதிர் ஒன்றைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்துகொண்டிருந்தபோது, தண்டு பென்சில் கனத்துக்கு மெலிந்ததும் அதன் நடுப்பகுதி வில்லாக வளைந்து அதிரத் தொடங்கியது.

உளியை அழுத்துவதால் அந்த அதிர்வு கூடவே செய்யும்.

இடக்கை விரல்களைத் தண்டின் பின்புறம் அணைவாகக் கொடுத்து, நன்கு தீட்டிய உளியால் மயிரிழை கனத்தில் சீவினால்தான் அது அடங்கும்.

தண்டில் மரத்தின் ரேகை முனைக்கு முனை நேராக ஓட வேண்டும் என்பதால், வாளால் அறுத்த துண்டைவிட ரேகையோடு பிளந்தெடுத்த துண்டையே நான் விரும்புகிறேன்.

என்னை இன்று நெடுநேரம் சிந்தனையில் ஆழ்த்தியது, கதிர் ஓயாமல் சுழலத் தண்டில் கோக்கும் வட்டமான எடையாகிய வட்டுதான். ஒரே எடையுள்ள இரண்டு வட்டுகளில், எடை விளிம்பில் கூடியிருப்பது நிதானமாக நெடுநேரம் சுழலும். நடுவில் கூடியிருப்பது விரைந்து சுழன்று சீக்கிரம் ஓயும். குட்டையான பஞ்சிழைக்கு மிகுதியான முறுக்கு வேண்டும் என்பதால், பஞ்சு நூற்பவருக்கு இலேசான, விரைந்து சுழலும் கதிரே பொருந்தும். நீண்ட கம்பளி இழைக்கு அகன்ற வட்டு நன்றாக உதவும்.

மையம் சற்றே பிசகினாலும் நூற்பவரின் விரல் அதை உடனே அறிந்துவிடும். ஆகவே வட்டின் துளையைக் கடைசல் இயந்திரத்திலேயே இட்டு, மெருகு ஏற்றுவதற்கு முன் கதிரைச் சுழற்றிப் பார்த்து, கனமான பக்கத்தை இழைத்துச் சரிசெய்கிறேன்.